தீபத் திருநாளும் மாற்றுவழியும்

கார்த்திகைத் தீபத்தன்று எங்கள் திருவண்ணாமலைக்கு இலட்சக்கணக்கானோர் வருவர். வேலூர், செங்கம், திருக்கோவிலூர் முதலிய சாலைகளில் வரும் பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்தப்படும். ஓராண்டு அவ்விரவில் விபத்தொன்றால் ஒரு சாலை அடைபட்டது. வண்டிகள் யாவும் ஒரே மாற்றுவழியில் திருப்பப்பட்டன. சிறிது நேரத்தில் அதுவும் அடைபட்டது. பிரசவ வேதனையுற்ற என் மகள் இருந்த வண்டி இரண்டு மணி நேரம் அசையவில்லை.

இத்தகைய பிழையைச் சாலையில் செய்யாமல் கணிப்பொறியில் செய்து பார்க்கலாம். 1992-இல் நாகல், ஷ்ரெக்கன்பெர்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் அதற்கு எளியதொரு மாதிரியை வகுத்தனர். சாலையை 7.5 மீட்டர் நீளக் கட்டங்களாகப் பிரிப்பர். ஒரு கட்டத்தில் ஒரு வண்டியே நிற்கும். நொடிதோறும் அது விரைவைக் கூட்டும். முன்வண்டி நெருங்கினால் குறைக்கும். சிற்சில வேளை காரணமின்றித் தயங்கும். நெரிசல் மிகுந்தால் அத்தயக்கமே தேக்கமாகிப் பின்னோக்கிப் பரவும். ஒரு கட்டத்தை அடைத்து, வண்டிகளை ஒரே வழியில் விட்டும், பல வழிகளிற் பிரித்தும் பார்த்தால், எது நலமென்பது திருவிழாவிற்கு முன்பே புலப்படும். ஆயினும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்போரையும் கணக்கிற் சேர்த்தாலன்றி, எங்கள் ஊருக்கு விடை பொய்த்துவிடும்.

அன்று என் பேரன் வண்டியிலேயே பிறந்தான். தாயும் சேயும் பிழைத்தனர். எல்லோருக்கும் அவ்வாறு வாய்க்குமா?