சூரியகாந்தி விதைகள் (நிறுவல் கலை)

சூரியகாந்தி விதைகள் என்பது சீனக் கலைஞர் ஐ வெய்வெய் பீங்கானால் உருவாக்கிய மாபெரும் சிற்ப நிறுவல் ஆகும். இது இலண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் மண்டபத்தில் 2010 அக்டோபர் 12 முதல் 2011 மே 2 வரை காட்சிக்கு வைக்கப்பட்டது. ஏறத்தாழ 10 கோடி விதைகள் 1,000 சதுர மீட்டர் பரப்பில், சுமார் 10 செ.மீ. ஆழத்துக்குப் பரப்பப்பட்டிருந்தன. அவற்றின் மொத்த எடை சுமார் 150 டன்.

உருவாக்கம்

பீங்கான் தொழிலுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்ற சீன நகரமான ஜிங்தேஜெனில் இவ்விதைகள் செய்யப்பட்டன. சுமார் 1,600 கைவினைஞர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தனர். அச்சில் வார்த்துச் சூளையில் சுட்ட ஒவ்வொரு விதையின் மீதும் தூரிகையால் கருங்கோடுகள் தீட்டி, மீண்டும் சுட்டனர். கையால் தீட்டியதால் எந்த இரண்டு விதைகளும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

பார்வையாளர் அனுபவம்

தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இது சாம்பல் நிறச் சரளைக்கற்கள் பரப்பிய தரை போலத் தோன்றும். அருகில் சென்றால்தான் அவை விதைகள் என்பது தெரியும். கையில் எடுத்தால்தான் அவை பீங்கான் என்பது புரியும். பார்வையாளர்கள் அதன்மீது நடக்கவும், படுக்கவும், விதைகளை அள்ளிப் பார்க்கவும் தொடக்கத்தில் அனுமதிக்கப்பட்டனர். நடக்கும்போது எழும் நறநறவென்ற ஒலியும் படைப்பின் ஒரு பகுதியாக இருந்தது.

ஆனால் விதைகள் ஒன்றோடொன்று உரசியதில் எதிர்பார்த்ததைவிட அதிகத் தூசி எழுந்தது. அதை நெடுநாள் சுவாசிப்பது உடல்நலத்துக்குத் தீங்காகலாம் என்பதால், திறந்த சில நாட்களிலேயே அதன்மீது நடப்பது தடை செய்யப்பட்டது. அதன்பின் வந்தவர்கள் விளிம்பில் நின்றும் மேலே உள்ள பாலத்திலிருந்தும் மட்டுமே கண்டனர். தொட்டு உணர்வதற்காக அமைந்த படைப்பு, பார்ப்பதற்கு மட்டும் உரியதாயிற்று.

பொருள்

சீனப் பண்பாட்டுப் புரட்சிக் காலப் பரப்புரைப் படங்களில் மா சே துங் சூரியனாகவும், மக்கள் அவரை நோக்கித் திரும்பும் சூரியகாந்திகளாகவும் காட்டப்பட்டனர். வறுமை மிகுந்த அக்காலத்தில் சூரியகாந்தி விதைகள் நண்பர்கள் பகிர்ந்து உண்ணும் எளிய தின்பண்டமாகவும் இருந்தன. பெருந்திரளுக்குள் தனிமனிதரின் இடம் என்ன என்ற கேள்வியை இந்நிறுவல் எழுப்புகிறது.

காட்சி நடந்துகொண்டிருந்தபோதே, 2011 ஏப்ரல் 3 அன்று ஐ வெய்வெய் பெய்ஜிங் விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டு 81 நாட்கள் காவலில் வைக்கப்பட்டார். இதனால் அக்கேள்வி மேலும் அழுத்தம் பெற்றது.

தற்போதைய நிலை

இந்நிறுவலின் ஒரு பகுதியான சுமார் 80 இலட்சம் விதைகளை 2012 இல் டேட் நிறுவனம் தன் சேகரிப்புக்காக வாங்கியது. அவற்றின் எடை சுமார் 10 டன். இவற்றைக் கூம்பு வடிவக் குவியலாகவும் காட்சிப்படுத்தலாம்.