தினமும் ஓ.டி.பி. கேட்டு உயிரை வாங்குதா? 'குக்கீ'யை அழிக்காதீங்க! பிரவுசிங் சென்டரில் அழிக்காம வராதீங்க!

திருநகர்,-

"நேத்துத்தானே ஓ.டி.பி. போட்டு உள்ளே போனேன், இன்னிக்கும் கேட்குதே" என்று புலம்பாதவர்களே இல்லை. சிக்னல் இல்லாத நேரத்தில் ஓ.டி.பி. வராமல், விண்ணப்பமே நின்று போகிறது. இதற்குக் காரணம் 'குக்கீ' எனப்படும் சின்ன பைல்.

செருப்பு டோக்கன்

திருப்பரங்குன்றம் கோவிலுக்குப் போனால் செருப்பை விட்டு டோக்கன் வாங்குகிறோம். திரும்பி வந்ததும் அவர் நம்ம முகத்தைப் பார்ப்பதில்லை, டோக்கனைத்தான் பார்க்கிறார். குக்கீயும் அப்படித்தான். ஒருமுறை பாஸ்வேர்டு, ஓ.டி.பி. சரியாகப் போட்டதும் இணையதளம் ஒரு டோக்கனை நம்ம பிரவுசரில் போட்டு வைக்கிறது. மறுமுறை அதைப் பார்த்து உள்ளே விடுகிறது. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவன என்ஜினீயர் லூ மோண்டுல்லி உருவாக்கியது இது.

சொந்த செல்போனில்

மெமரி நிறைந்துவிட்டது என்று எல்லாவற்றையும் அழித்தால் டோக்கனும் போச்சு. மறுபடி ஓ.டி.பி.தான். குரோமில் 'டெலிட் பிரவுசிங் டேட்டா' போகும்போது 'குக்கீஸ்' என்ற இடத்தில் டிக்கை எடுத்துவிட்டு, 'கேச்டு இமேஜஸ்' மட்டும் அழித்தால் போதும். ஜி-மெயிலில் 'டோன்ட் ஆஸ்க் அகெய்ன் ஆன் திஸ் டிவைஸ்' என்று வந்தால் டிக் போடலாம். இன்னிக்கு ஒரு பிரவுசர், நாளைக்கு வேறு பிரவுசர் என்று மாற்றினாலும் திரும்பக் கேட்கும். வங்கிகள் மட்டும் பாதுகாப்புக்காக அடிக்கடி கேட்கத்தான் செய்யும்.

பிரவுசிங் சென்டரில் உஷார்

இங்கே கதை தலைகீழ். 'லாக் அவுட்' செய்யாமல் எழுந்து வந்தால், டோக்கனை மேஜையில் வைத்துவிட்டு வந்த மாதிரி. அடுத்து உட்காருபவர் நம்ம மெயிலைத் திறந்துவிடலாம். அதனால் கன்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி 'இன்காக்னிட்டோ'வில் வேலை பார்க்கணும். முடிந்ததும் அந்த விண்டோக்களை எல்லாம் மூடினால் குக்கீ அழிந்துவிடும். ஆனால் டவுன்லோடு செய்த ஆதார், சான்றிதழ் பைல்கள் அழியாது. அதை நாமதான் தேடி அழிக்கணும்.

மறந்து வந்துவிட்டால் பதற வேண்டாம். சொந்த செல்போனில் கூகுள் அக்கவுண்ட், 'செக்யூரிட்டி', 'யுவர் டிவைசஸ்' போய் அந்த கம்ப்யூட்டரை 'சைன் அவுட்' செய்யலாம். பாஸ்வேர்டையும் மாற்றிவிடுவது நல்லது.

ஓ.டி.பி. இல்லாமலே திருட்டு

டோக்கன் திருடு போனால் ஓ.டி.பி.யே தேவையில்லை. 2023 மார்ச்சில் கனடாவின் 'லினஸ் டெக் டிப்ஸ்' யூ-டியூப் சேனல் இப்படித்தான் பறிபோனது. விளம்பர ஒப்பந்தம் போல மெயிலில் வந்த பைலை ஊழியர் ஒருவர் திறந்ததும் குக்கீ திருடப்பட்டது. பிறகு சேனல் மீட்கப்பட்டது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கே இந்த கதி என்பது குறிப்பிடத்தக்கது.

தெரியாத பைலைத் திறக்காதீங்க. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் போடுங்க.