இரண்டே கதவு

ஆட்சியை மாற்றும் அதிகாரம் கேரள வாக்காளர் கையில். யார் யார் நிற்பது என்ற முடிவு வேறெங்கோ.

மார்ச் 14, 2021. திருவனந்தபுரத்தில் காங்கிரஸ் மாநிலத் தலைமையகமான இந்திரா பவன் எதிரே, கேமராக்களுக்கு முன் உட்கார்ந்து தலையை மொட்டையடித்துக்கொண்டார் மாநில மகளிர் காங்கிரஸ் தலைவி லதிகா சுபாஷ். அவர் கேட்ட ஏற்றுமானூர் தொகுதி, கூட்டணியில் இருந்த கேரள காங்கிரஸ் ஜோசப் பிரிவுக்குப் போயிருந்தது. சுயேச்சையாக நின்று தோற்றார். மே மாதமே, இடது முன்னணியில் இருந்த தேசியவாத காங்கிரசில் சேர்ந்துவிட்டார். வேறு எங்கே போவது?

1987 முதல் 2016 வரை எல்லாச் சட்டமன்றத் தேர்தலிலும் ஆளும் முன்னணியை வீட்டுக்கு அனுப்பியது கேரளம். 2021இல்தான் அந்த வழக்கம் உடைந்தது. இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது அத்தனை சுலபமல்ல. 1982க்கு முன் அடிக்கடி கவிழ்ந்துகொண்டிருந்த ஆட்சிகள் அதன்பிறகு பெரும்பான்மை இழந்து கவிழ்ந்ததில்லை. 2011இல் 72க்கு 68 என்று நூலிழையில் வென்ற உம்மன் சாண்டியே ஐந்தாண்டுகளை ஓட்டினார்.

ஆனால் பேரம் ஒழிந்துவிடவில்லை. தேர்தலுக்கு முன்பாக நடந்து முடிகிறது, அவ்வளவுதான். தொகுதிப் பங்கீட்டு மேஜையில் வாக்காளருக்கு நாற்காலி கிடையாது. பெண் வாக்காளர்களே அதிகமுள்ள மாநிலத்தில், 2021இல் தேர்வான 140 பேரில் பெண்கள் 11 பேர்.

கே.எம். மாணி கதை இன்னும் விநோதம். மதுக்கூட லஞ்சப் புகாருக்கு ஆளான இந்த நிதியமைச்சர் பட்ஜெட் படிக்கக் கூடாது என்று 2015 மார்ச் 13 அன்று இடது முன்னணி உறுப்பினர்கள் பேரவையையே துவம்சம் செய்தார்கள். சபாநாயகரின் நாற்காலி தூக்கி எறியப்பட்டது. மாணி 2019இல் மறைந்தார். 2020இல் அவருடைய மகன் ஜோஸ் கே. மாணி தலைமையிலான கட்சியை அதே இடது முன்னணி வரவேற்றுச் சேர்த்துக்கொண்டது. ஊழலுக்கு எதிராக 2016இல் இடது பக்கம் குத்திய வாக்காளரை யாரும் கேட்கவில்லை.

மாணியின் கோட்டையான பாலாவில் 2019 இடைத்தேர்தலில் இடது முன்னணி வேட்பாளராக வென்றவர் மாணி சி. காப்பன். தொகுதி ஜோசுக்குப் போனதும் காப்பன் எதிரணிக்குத் தாவினார். 2021இல் இருவரும் அணி மாறி மோதினார்கள். காப்பன் 15 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் ஜெயித்தார். முன்னணிக் கணக்கை வாக்காளர் கிழித்துப்போட்ட அபூர்வ இடம் அது.

மூன்றாவது அணிக்கு இந்தத் தேர்தல் முறையே தடை. 2016இல் சுமார் 15 சதவீத வாக்கு வாங்கிய பா.ஜ.க. கூட்டணிக்குக் கிடைத்தது தலைநகரின் நேமம் மட்டும். 2021இல் சுமார் 12 சதவீதத்துக்கு அதுவும் இல்லை. ஆனால் 2025 டிசம்பரில் திருவனந்தபுரம் மாநகராட்சியின் 101 வார்டுகளில் 50ஐ அது பிடித்தது. பல ஆண்டுகளாக இடது முன்னணி வசமிருந்த மேயர் நாற்காலியில் பா.ஜ.க.வின் வி.வி. ராஜேஷ் அமர்ந்தார்.