எந்தத் திரிபு ஆபத்தானது? டெல்டாவும் ஒமிக்ரானும் உணர்த்துவது

காய்ச்சலும் இருமலுமாக முதியவர் ஒருவரை அழைத்து வரும் குடும்பத்தினர் இன்றும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இப்போது பரவுவது எந்தக் கொரோனா, டாக்டர்? சாதாரண வகைதானே?" இதற்கு ஒரே சொல்லில் விடையளிக்க இயலாது. அதற்கான காரணத்தை அறிந்துகொள்வது நோயாளியைப் பேணுவோருக்குப் பயன் தரும்.

கீழ்வேளூர் வட்டாரத்தில் 'டெல்டா' என்றால் காவிரி பாயும் நெல்வயல்களே நினைவுக்கு வரும். உலக சுகாதார நிறுவனம் 2021 மே 31 அன்று கொரோனாத் திரிபுகளுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டியபோது, இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட திரிபுக்கு அப்பெயர் அமைந்தது. எந்த நாட்டின் மீதும் பழி விழலாகாது என்பதே இம்முறையின் நோக்கம்.

இரண்டு அலைகள்

டெல்டா பரவிய 2021 மே மாதத்தில், தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அந்நாள்களில் அன்றாட இறப்புகள் 450-ஐத் தாண்டின. ஒமிக்ரான் பரவிய 2022 ஜனவரியிலும் அன்றாடத் தொற்று 30,000-ஐக் கடந்தது. ஆனால் அந்த உச்சநாளில் அறிவிக்கப்பட்ட இறப்புகள் 50-க்கும் குறைவு.

இதனைக் கொண்டு ஒமிக்ரான் தீங்கற்றது என முடிவு செய்யலாமா? இரு நெல் ரகங்களை ஒப்பிட விரும்பும் உழவர், ஒன்றை வளமான வயலிலும் மற்றொன்றை உவர் நிலத்திலும் விதைத்துவிட்டுத் தீர்ப்புக் கூறமாட்டார். டெல்டா வந்தபோது நம்மில் பெரும்பாலோர் தடுப்பூசி பெற்றிருக்கவில்லை. ஒமிக்ரான் வந்தபோதோ, பலர் தடுப்பூசியாலோ முந்தைய தொற்றாலோ எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஒமிக்ரான் நுரையீரலின் ஆழத்தைவிட மேல் சுவாசப் பாதையிலேயே மிகுதியாகப் பெருகுகிறது என்பதும் உண்மை. இறப்பு குறைந்ததற்கு இவ்விரண்டும் காரணங்கள்.

தடுப்பூசியின் பங்கு எத்தகையது என்பதை ஹாங்காங் காட்டியது. 2022-இன் தொடக்கத்தில் அங்கு ஒமிக்ரான் பரவியபோது, தடுப்பூசி செலுத்திக்கொள்ளாத முதியோர் பெருந்தொகையில் உயிரிழந்தனர்.

பரவும் வேகமும் ஓர் ஆபத்தே

ஒரு கணக்கை எண்ணிப் பாருங்கள். ஒரு திரிபு 1,000 பேரைத் தொற்றி, நூற்றுக்கு இருவரைக் கடுமையாகப் பாதித்தால் 20 பேருக்குப் படுக்கை தேவைப்படும். மற்றொன்று நூற்றுக்கு ஒருவரை மட்டுமே கடுமையாகப் பாதித்தாலும், 5,000 பேரைத் தொற்றினால் 50 படுக்கைகள் வேண்டும். தனி ஒருவருக்கு மிதமான திரிபு, ஊர் முழுமைக்கும் மிதமானதாக இருப்பதில்லை.

குடும்பத்தினர் செய்ய வேண்டுவன

ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை தொற்று உள்ளதா என்பதை உறுதி செய்யும். திரிபின் பெயரை வழக்கமாகத் தெரிவிப்பதில்லை. அதனை அறிய, தேர்ந்தெடுத்த மாதிரிகளில் மட்டும் மரபணுப் பகுப்பாய்வு நடைபெறுகிறது. அம்முடிவுக்காகச் சிகிச்சை காத்திருப்பதில்லை. நோயாளியின் நிலையே அதனைத் தீர்மானிக்கிறது.

அறுபது வயதைக் கடந்தோர், சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரக நோய் உடையோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு எந்தத் திரிபாயினும் கூடுதல் கவனம் தேவை. இவர்களுக்குக் காய்ச்சலோ இருமலோ தோன்றினால் முதல் நாளிலேயே மருத்துவரை அணுகுங்கள். வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் காலையும் மாலையும் ஆக்சிஜன் அளவைக் குறித்து வையுங்கள். அது 94-க்குக் கீழே இறங்கினாலோ, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலோ, இரவாயினும் தாமதியாது 108-ஐ அழையுங்கள். இருமல் உள்ள இளையோர், வீட்டு முதியோரின் அருகே செல்லும்போது முகக்கவசம் அணிவது நன்று.

திரிபுகளின் பெயர்கள் இனியும் மாறிக்கொண்டே இருக்கும். "இது எந்த வகை?" என்று வினவுவதற்கு முன், "நம் வீட்டில் யாருக்குப் பாதுகாப்புக் குறைவு?" என்று எண்ணிப் பார்ப்பதே உயிர் காக்கும்.