சூரியன் மறையாத ஊரில் நோன்பு திறப்பது எப்போது?



ரமளான் மாதத்து மாலைப்பொழுது. பாங்கொலியை எதிர்நோக்கி வீட்டார் அனைவரும் விரிப்பில் அமர்ந்திருக்கிறீர்கள். பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் முன்னே இருக்கின்றன. அவ்வேளையில் உங்கள் ஏழு வயது மகன், "வாப்பா, சூரியன் மறையவே மறையாத ஊர் ஒன்று இருக்கிறதாமே! அங்கே உள்ளவர்கள் எப்போது நோன்பு திறப்பார்கள்?" என்று கேட்கிறான். என்ன விடை சொல்வீர்கள்?

"பேசாமல் துஆ ஓது" என்று அடக்கிவிடலாம். "பெரியவனானதும் தெரிந்துகொள்வாய்" என்று தள்ளிப்போடலாம். ஆனால் இரண்டு முறை அடக்கப்பட்ட குழந்தை மூன்றாம் முறை கேட்பதில்லை. கேட்பதை நிறுத்திய குழந்தை மனப்பாடம் செய்யுமே தவிர, கற்றுக்கொள்ளாது.

பள்ளிக்கூடத்தில் மணி அடிக்க அடிக்கப் பாடம் மாறுகிறது. புவியியல் முடிந்தால் கணிதம். கணிதம் முடிந்தால் வரலாறு. குழந்தையின் கேள்விக்கு இத்தகைய பிரிவினை கிடையாது. மேற்கண்ட ஒரே கேள்வியில் இத்தனை பாடங்களும் அடங்கியிருக்கின்றன. வடதுருவப் பகுதியாகிய ஆர்க்டிக்கை எடுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே அப்பாடங்களை எவ்வாறு சொல்லித் தரலாம் என்று பார்ப்போம்.

ஆரஞ்சுப் பழமும் டார்ச் விளக்கும்

ஓர் ஆரஞ்சுப் பழத்தின் நடுவே மெல்லிய குச்சி ஒன்றைச் செருகுங்கள். மேல்முனைக்கு அருகே பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். பழத்தின் மேல்முனையை விளக்கின் பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடித்துச் சுழற்றினால், அப்புள்ளி இருளுக்குள் போவதே இல்லை. எதிர்ப்பக்கம் சாய்த்துச் சுழற்றினால் வெளிச்சத்துக்கு வருவதே இல்லை. பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால்தான் துருவப் பகுதியில் கோடையில் நள்ளிரவிலும் சூரியன் தெரிகிறது; குளிர்காலத்தில் நண்பகலிலும் தெரிவதில்லை. இதைக் கண்ணால் கண்ட குழந்தை ஒருநாளும் மறக்காது.

பிறகு உலகப்படத்தை விரித்துக் காட்டுங்கள். தென்துருவம் கடல் சூழ்ந்த நிலம். வடதுருவமோ நிலம் சூழ்ந்த கடல். கனடா, ரஷ்யா, நார்வே, கிரீன்லாந்தைத் தன்னகத்தே கொண்ட டென்மார்க் முதலிய எட்டு நாடுகளின் நிலம் ஆர்க்டிக் பகுதிக்குள் அமைந்திருக்கிறது. பனிக்கரடி வாழ்வது வடக்கில். பென்குவின்கள் வாழ்வது தெற்கில். இரண்டும் ஒன்றாக நிற்பதுபோல் கதைப் புத்தகத்தில் படம் இருந்தால், அதிலுள்ள தவறைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

சமையலறையில் அறிவியல்

இரண்டு பாலித்தீன் பைகளை எடுத்து, ஒன்றினுள் வனஸ்பதியை நிரப்பி, மற்றொன்றை அதனுள் நுழையுங்கள். உள்பையினுள் குழந்தை ஒரு கையை விடட்டும். மறுகையில் வெறும் பை மட்டும் இருக்கட்டும். இரு கைகளையும் பனிக்கட்டி மிதக்கும் நீரில் சிறிது நேரம் வைக்கச் செய்யுங்கள். வெறும் பையிலுள்ள கை உடனே குளிரில் விறைக்கும். மற்றக் கைக்குக் குளிர் மெதுவாகவே எட்டும். உறைகடலில் பனிக்கரடியும் சீலும் திமிங்கிலமும் உயிர் வாழ்வதில் தோலுக்கடியில் உள்ள கொழுப்புக்குப் பெரும்பங்கு உண்டு என்பது அப்போது விளங்கும்.

அடுத்து இரு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் பனிக்கட்டியை மிதக்கவிட்டு, விளிம்புவரை நீர் ஊற்றுங்கள். மற்றொன்றில் விளிம்புக்கு மேலே தலைகாட்டும் கல்லை வைத்து, விளிம்புவரை நீர் ஊற்றியபின் கல்லின்மேல் பனிக்கட்டியை வையுங்கள். பனி உருகியதும் முதற்குவளை வழிவதில்லை, இரண்டாவது வழிகிறது. மிதக்கும் கடற்பனி உருகுவதால் கடல்மட்டம் அவ்வளவாக உயராது. கிரீன்லாந்தின் நிலத்தின்மேல் கிடக்கும் பனி உருகினால் உயரும். அந்த நீர் வடக்கிலேயே நின்றுவிடுவதில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் நம் பிள்ளைகள் விளையாடும் கரையைத் தொடுவதும் அதே உலகப் பெருங்கடல்தான்.

எண்ணும் கணக்கும்

பூஜ்யத்துக்குக் கீழேயும் எண்கள் உண்டு என்பதைப் பிள்ளைகள் எளிதில் ஏற்பதில்லை. வெப்பமானி ஒன்றை வரைந்து காட்டுங்கள். நல்ல நீர் உறைவது 0 பாகை செல்சியசில். உப்புள்ள கடல்நீர் உறைவது ஏறத்தாழ −1.8 பாகையில். ஊரில் இன்று 32 பாகை, வடக்கே ஓரிடத்தில் −30 பாகை என்றால், வேறுபாடு எவ்வளவு? 62 என்று விடை வரும்போது, எதிர்மறை எண் என்பது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பது புரியும்.

கணக்குக்கு மற்றொரு செய்தியும் உண்டு. கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், இனுவிக் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கு வாழும் முஸ்லிம்களுக்காக வின்னிபெக் நகரில் ஒரு பள்ளிவாசல் கட்டப்பட்டு, 2010 ஆம் ஆண்டில் லாரியிலும், பின்னர் ஆற்றுத் தெப்பத்திலும் ஏற்றி, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவு கொண்டு செல்லப்பட்டது. ஒரு பள்ளிவாசலே பயணம் போன கதையைக் கேட்கும் பிள்ளை, அந்தத் தொலைவைத் தானே படத்தில் அளக்க முற்படும்.

பயணிகள் சொன்ன வரலாறு

கி.பி. 921 இல் பாக்தாதிலிருந்து கலீபாவின் தூதுக்குழுவில் புறப்பட்ட இப்னு ஃபள்லான், மறு ஆண்டு வோல்கா ஆற்றங்கரையிலிருந்த புல்கார் நாட்டை அடைந்தார். அது துருவப் பகுதி அன்று. எனினும் கோடையில் இரவு மிகக் குறுகும் வடநாடு. பாக்தாத்காரரான தையற்காரர் ஒருவருடன் கூடாரத்தில் பேசிக்கொண்டே இஷா பாங்குக்காகக் காத்திருந்தார் அவர். பாங்கொலி கேட்டு வெளியே வந்து பார்த்தால், கிழக்கு வெளுத்திருந்தது! அது ஸுப்ஹு பாங்கு என்றும், இஷாவை மக்ரிபுடன் சேர்த்துத் தொழுவதாகவும் முஅத்தின் அவருக்கு விளக்கினார். 14 ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதாவும், நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் வணிகர்கள் செல்லும் 'இருள் நாடு' பற்றித் தாம் கேட்டறிந்ததை எழுதிவைத்தார்.

1909 இல் வடதுருவத்தை எட்டியதாக அமெரிக்கரான ராபர்ட் பியரி அறிவித்தார். அவர் சரியாகத் துருவத்தையே அடைந்தாரா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. ஆனால் அவர் தனியே செல்லவில்லை. கறுப்பினத்தவரான மாத்யூ ஹென்சனும் இனுயிட் மக்கள் நால்வரும் உடன் சென்றனர். நெடுங்காலம் புகழ் பெற்றவர் ஒருவரே. இது நீதியா என்று பிள்ளையிடம் கேளுங்கள். வரலாற்றுடன் ஒழுக்கமும் அங்கே பாடமாகிவிடும்.

மொழியும் மாண்பும்

வடதுருவப் பழங்குடியினரைப் புத்தகங்கள் பல 'எஸ்கிமோ' என்றே எழுதின. கனடாவிலும் கிரீன்லாந்திலும் வாழ்வோரில் பலர் அச்சொல்லை விரும்புவதில்லை. 'இனுயிட்' என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். 'மனிதர்கள்' என்பது அதன் பொருள். நிலத்தில் கிடக்கும் பனிக்கு அவர்கள் மொழியில் 'அபுத்' என்றும், விழுகின்ற பனிக்குக் 'கனிக்' என்றும் பெயர். நெல், அரிசி, சோறு என்று நாம் பிரித்துச் சொல்வதைப் போன்றதே இது. வேட்டையில் கிடைத்த இறைச்சியை ஊராருடன் பங்கிட்டு உண்பது அவர்களின் தொன்றுதொட்ட வழக்கம். மென்மையான கல்லில் சீலையும் கரடியையும் செதுக்குவதில் வல்லவர்கள். உங்கள் பிள்ளை ஒரு சோப்புக் கட்டியில் அதை முயன்று பார்க்கட்டும்.

இனி, அந்தக் கேள்விக்கு வருவோம்

சூரியன் மறையாத நாட்களில், இரவும் பகலும் பிரிந்திருக்கும் தெற்கத்திய நகரொன்றின் நேரத்தையோ மக்கா நகரின் நேரத்தையோ கணக்கில் கொண்டு அங்குள்ளோர் நோன்பு திறக்கின்றனர். இதன் மார்க்கச் சட்டத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். விடை தெரியாவிட்டால், "எனக்கும் தெரியவில்லை, வா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்வதில் தாய்க்கோ தந்தைக்கோ இழுக்கு ஒன்றுமில்லை.

செயற்கைக்கோள்கள் கடற்பனியைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கிய 1979 முதல், கோடை இறுதியில் எஞ்சும் பனியின் பரப்பு பெரிதும் சுருங்கியுள்ளது. 2012 செப்டம்பரில் அது ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. 2008 இல் நம் நாடும் நார்வேயின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் 'ஹிமாத்ரி' என்னும் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. நாளை அங்கு சென்று ஆராயப் போகிறவர் நம் வீட்டு மகளாகவோ மகனாகவோ இருக்கலாம்.

ஆகவே, பாங்கு சொல்ல இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போது பிள்ளை கேள்வி கேட்டால், அதை அடக்கிவிடாதீர்கள். நோன்பு திறந்து, மக்ரிப் தொழுத பின்னர், ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து வரச் சொல்லுங்கள்.