வேலிக்கு வெளியே வெடித்த துப்பாக்கி

2013 ஏப்ரல் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். கலிஃபோர்னியாவில் சான் ஹோசேக்கு அருகிலுள்ள மெட்கால்ஃப் துணைமின் நிலையத்தின் பக்கத்தில், நிலத்தடிக் குழிக்குள் இறங்கி யாரோ தொலைத்தொடர்பு ஃபைபர் கேபிள்களை அறுத்தார்கள். 1.31க்கு வேலிக்கு வெளியிலிருந்து சுடத் தொடங்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். 1.37க்குத்தான் வேலி சென்சார் எச்சரித்தது. 1.45க்கு மின்மாற்றிகள் நிற்கத் தொடங்கின. 1.51க்குப் போலீஸ் வந்தபோது எல்லாம் அமைதி. பூட்டிய வேலியைத் தாண்ட முடியாமல் போலீஸார் திரும்பிவிட்டார்கள். 17 மின்மாற்றிகள் சேதம், ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் இழப்பு. யாரும் பிடிபடவில்லை.

குண்டு பட்டதும் மின்மாற்றி உடனே செத்துவிடாது. ஓட்டை வழியே எண்ணெய் ஒழுகி, குளிர்ச்சி குறைந்து, பிறகுதான் சூடேறும். மெட்கால்ஃபில் அதற்குக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் செய்தி எட்டினால் கட்டுப்பாட்டு அறை மின்மாற்றியின் இணைப்பைத் துண்டித்து, சுமையை வேறு பாதைக்கு மாற்றலாம். உள்ளே சுருள்கள் பிழைக்கும். புது மின்மாற்றிக்கு ஆண்டுக்கணக்கில்கூடக் காத்திருக்க நேரும் என்பதால் இது சின்ன லாபமல்ல. துப்பாக்கிச் சூட்டை உணரும் கருவியின் பயன் இந்தக் கால் மணி நேரம்தான். அது குண்டைத் தடுக்காது.

ஒலியை விட வேகமாகப் பாயும் குண்டு இரண்டு சத்தம் எழுப்பும்: துப்பாக்கி வாயில் கிளம்பும் வெடிப்பு, குண்டு காற்றைக் கிழிக்கும் அதிர்வலை. பல மைக்குகளை அவை எட்டும் நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, சுட்ட இடத்தைக் கருவி குறிக்கும். சைலன்ஸர் முதல் சத்தத்தை அடக்கும், இரண்டாவதை அடக்காது. ஆகவே இரண்டையும் கேட்கும் கருவியே தேவை. துப்பாக்கி வாயில் தெறிக்கும் பொறியின் வெப்பத்தைக் காணும் அகச்சிவப்பு சென்சாரும் சேர்ந்தால் பொய் எச்சரிக்கை குறையும். துணைமின் நிலையம் சந்தடியற்ற இடமா என்ன? மின்சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கர் திறந்தாலே வெடிபோலக் கேட்கும். இடி உண்டு, பக்கத்துக் காட்டில் வேட்டைக்காரர்களும் உண்டு. மூன்று முறை பொய் சொன்ன கருவியை நான்காம் முறை யார் நம்புவார்கள்?

மெட்கால்ஃபுக்குப் பின் அமெரிக்காவில் வந்த சிஐபி-014 விதி, முக்கிய மின்கடத்து நிலையங்களுக்குப் பாதுகாப்புத் திட்டம் கேட்கிறது. இன்ன கருவி என்று சொல்வதில்லை. அந்த விதி வந்த பின்னும், 2022 டிசம்பர் 3 அன்று வட கரோலினாவின் மூர் கவுன்டியில் இரண்டு துணைமின் நிலையங்கள் சுடப்பட்டன. சுமார் 45,000 வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினார்கள். முழுதாகச் சீராக நான்கு நாளானது.

இந்தக் கருவியை வாங்குபவர் விலைப்பட்டியலைப் பிறகு பார்க்கலாம். ஃபைபர் அறுந்தால் எச்சரிக்கை எந்த வழியில் போகும்? நள்ளிரவில் அது யார் மேசையில் ஒலிக்கும்? மின்மாற்றியை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா? இதற்கெல்லாம் பதில் வந்தபின், பிரேக்கர்கள் இயங்கும் தன் நிலையத்திலேயே, பாதுகாப்பான ஏற்பாட்டுடன் நிஜத் துப்பாக்கியால் சுட்டுச் சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும். அதற்கு மறுக்கும் நிறுவனத்திடம் வாங்க வேண்டாம்.