புட்டிப்பால் குடிக்கும் கன்றுக்குக் கழிச்சலா? பாலை நிறுத்தாதீங்க... முதல்ல கண்ணைப் பாருங்க!

ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே ஊரிலிருந்து அம்மாவின் வாட்ஸ்அப் வீடியோ. தாய்ப்பசுவுக்கு மடிநோய் வந்ததால் புட்டிப்பாலில் வளரும் பத்து நாள் கன்று, தொழுவத்தில் சோர்ந்து படுத்திருக்கிறது. வால் முழுக்க மஞ்சள் நிறத்தில் தண்ணீராய் ஒழுகிய சாணம். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: “காலையில இருந்து கழியுது. பால் செரிக்கலையாம், ரெண்டு நாளைக்கு நிறுத்தச் சொல்றாங்க. நிறுத்திடவா?”

மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு இது புதுசு இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதில்தான் அந்தக் கன்றின் உயிர் இருக்கிறது. பதில்: நிறுத்த வேண்டாம். ஏன்?

கன்றைச் சாய்ப்பது எது?

இளங்கன்றுக் கழிச்சலுக்குக் காரணங்கள் பல. பிறந்த முதல் சில நாள்களில் ஈ.கோலை பாக்டீரியா, அடுத்த இரண்டு, மூன்று வாரங்களில் ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ் (மனிதர்களுக்குக் கோவிட் தந்தது அல்ல, மாடுகளுக்கான வேறு வகை), கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி ஆகியவை முக்கியமானவை. கழுவாத புட்டி, ஆறிப்போன பால், ஒரே வேளையில் அளவுக்கு மீறிய பால் ஆகியவையும் வயிற்றைக் கெடுக்கும்.

காரணம் எதுவானாலும், பெரும்பாலான கன்றுகள் இறப்பது நீரிழப்பால்தான். கடுமையான கழிச்சலில் 30 கிலோ கன்றின் உடலிலிருந்து ஒரே நாளில் 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் போய்விடலாம். தண்ணீரோடு உப்புகளும் வெளியேறும். ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும். காலையில் துள்ளிய கன்று மாலையில் எழ முடியாமல் கிடப்பது இதனால்தான்.

வீட்டிலேயே பார்க்க வேண்டிய 4 விஷயங்கள்

* கண்: கண் விழிக்கும் இமைக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா? குழி விழுந்த கண், நீரிழப்பின் தெளிவான அடையாளம்.
* தோல்: கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே பழைய நிலைக்கு வந்தால் நல்லது. 2 விநாடிக்கு மேல் கூடாரம் போல நின்றால் ஆபத்து.
* வாய்: ஈறு ஈரமாக, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். காய்ந்து, குளிர்ந்திருந்தால் நிலைமை மோசம்.
* சப்பும் வேகம்: சுத்தமான விரலை வாயில் வையுங்கள். வேகமாகச் சப்பினால் வாய்வழியே கரைசல் கொடுக்கலாம்.

கரைசல் எப்படி வேலை செய்கிறது?

கழிச்சலின்போது குடல் சுவர் பழுதானாலும், உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வழி ஓரளவு திறந்தே இருக்கும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். வேலை செய்வதும் இப்படித்தான்.

கன்றுகளுக்கான எலக்ட்ரோலைட் பவுடர் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும். அது கைக்கு வரும்வரை, அவசரத்துக்கு மனிதர்களுக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை 1 லிட்டர் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொடுக்கலாம். ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று தண்ணீரைக் குறைத்தால் கழிச்சல் கூடும்.

30 கிலோ கன்றுக்கு வேளைக்கு 1 முதல் 1.5 லிட்டர் வரை, ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று வேளை கொடுக்கலாம். இது பாலுக்குப் பதில் அல்ல, பாலோடு கூடுதலாகத் தருவது. இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பாலில் கலந்து கொடுத்தால் பால் வயிற்றில் சரியாகத் திரளாது.

அப்படியானால் பால்?

ஒரு காலத்தில் மருத்துவர்களே பாலை நிறுத்தச் சொன்னதுண்டு. இப்போது அந்த அறிவுரை மாறிவிட்டது. இளங்கன்றின் உடலில் கொழுப்புச் சேமிப்பு மிகக் குறைவு. கரைசலில் இருக்கும் சர்க்கரை அதன் பசிக்குப் போதாது. பாலை நிறுத்தினால் கழிச்சலோடு பட்டினியும் சேர்ந்துகொள்ளும். குடல் ஆறவும் பால் வேண்டும். எனவே வழக்கமான அளவையே மூன்று, நான்கு வேளைகளாகப் பிரித்து, உடல் சூட்டில், அதாவது சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸில் கொடுக்க வேண்டும்.

புட்டியிலும் விஷயம் இருக்கு

கன்று சப்பிக் குடிக்கும்போது உணவுக்குழலின் முடிவில் ஒரு மடிப்பு மூடிக்கொண்டு, பாலை நேராக நான்காவது வயிற்றுக்கு அனுப்புகிறது. பால் செரிப்பது அங்கேதான். வாயைத் திறந்து ஊற்றினால் இந்த மடிப்பு சரியாக மூடாது. பால் முதல் வயிற்றில் தேங்கிப் புளிக்கும். குடித்த பிறகு இடப்பக்க வயிறு உப்புவதும், களிமண் போலச் சாணம் வருவதும் இதன் அறிகுறிகள்.

சீக்கிரம் குடிக்கட்டும் என்று நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்குவதும் தப்பு. வேகமாக வரும் பால் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். கன்றை நிற்கவைத்து, தாய் மடியின் உயரத்தில் புட்டியைப் பிடித்தாலே போதும். சப்பாத கன்றின் வாயில் பாலையோ கரைசலையோ ஊற்றவே கூடாது.

எப்போது டாக்டர்?

விரலைச் சப்பவில்லை, எழுந்து நிற்கவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, வாய் குளிர்ந்திருக்கிறது, சாணத்தில் ரத்தம் வருகிறது, காய்ச்சல் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிட்டது... இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத கன்று என்றால் கழிச்சல் தொடங்கியதுமே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. இந்த நிலையில் நரம்பு வழியாக ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கான கட்டணமில்லா எண் 1962.

மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். வைரஸ் கழிச்சலில் அது வேலை செய்யாது. தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மனிதர்களுக்கான பேதி மாத்திரையும் வேண்டாம். குடலின் அசைவு நின்றால் கிருமியும் நச்சும் உள்ளேயே தங்கிவிடும்.

நோயுற்ற கன்றைத் தனியாக, உலர்ந்த வைக்கோல் மேல் கட்டுங்கள். தொட்ட பிறகு கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் மனிதர்களுக்கும் தொற்றும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

அடுத்த கன்றுக்கு

பசுவின் நச்சுக்கொடி வழியே நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குப் போவதில்லை. சீம்பாலில்தான் அது கிடைக்கிறது. அதை ரத்தத்தில் ஏற்றிக்கொள்ளும் திறன் பிறந்து சுமார் 24 மணி நேரத்தில் குடலுக்குப் போய்விடும். முதல் 2 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கத் தொடங்கி, ஒரு நாளுக்குள் உடல் எடையில் 10 சதவீதமாவது கொடுத்துவிட வேண்டும். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர்.

அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய பதில் சின்னதுதான்: “பாலை நிறுத்தாதம்மா. கண்ணு உள்ள போயிருக்கா, விரலை வச்சா சப்புதான்னு பாரு. சப்பலைன்னா வாயில எதுவும் ஊத்தாத, உடனே 1962-க்கு போன் பண்ணு.”